டிஎன்ஏ இரட்டிப்பாதலும் புற்றுநோயும்: குரோமாட்டின் புரதங்கள் செய்யும் வேலை

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியச் செய்யப்படும் பாப் பரிசோதனையில், நோயியல் மருத்துவர் நுண்ணோக்கி வழியாகக் கூர்ந்து பார்ப்பது செல்லின் உட்கருவைத்தான். நலமான செல்லில் உட்கரு சிறியதாகவும், அதற்குள் சாயம் ஏறிய பொருள் சீராகப் பரவியும் இருக்கும். புற்றாக மாறிவரும் செல்லிலோ உட்கரு பெருத்து, அதன் விளிம்பு கோணலாகி, ஹெமடாக்சிலின் சாயம் ஏறிய பொருள் அடர்ந்து, கருநீலத் திட்டுகளாகத் தெரியும். அந்தப் பொருளுக்குக் குரோமாட்டின் என்று பெயர். டிஎன்ஏவும் அதனோடு பிணைந்திருக்கும் புரதங்களும் சேர்ந்ததே குரோமாட்டின். எடைக் கணக்கில் பார்த்தால் அதில் டிஎன்ஏவைக் காட்டிலும் புரதம் குறைந்ததல்ல.

பள்ளியில் டிஎன்ஏ இரட்டிப்பாதலைப் படிக்கும்போது இந்தப் புரதங்கள் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. முறுக்கிய ஏணி போன்ற இரட்டை இழை நடுவில் பிரிகிறது, ஒவ்வோர் இழைக்கும் எதிரே புதிய இழை உருவாகிறது, ஒன்று இரண்டாகிறது என்று படம் முடிந்துவிடும். பாக்டீரியாவின் இரட்டிப்பைப் புரிந்துகொள்ள அந்தப் படம் ஓரளவு போதும். மனித செல்லில் டிஎன்ஏ ஒருபோதும் அப்படி வெற்று இழையாகக் கிடப்பதில்லை என்பதால், இரட்டிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த நேரத்தில் நடக்கிறது, எவ்வளவு பிழையோடு முடிகிறது என்ற மூன்றையும் இந்தப் புரதங்களை விட்டுவிட்டு விளக்க முடியாது. புற்றுநோயையும் மரபணு எழுத்துகளின் பிழையாக மட்டுமே பார்த்தால், அதன் கணிசமான பகுதி நம் பார்வைக்கு வெளியே போய்விடும்.

மனித செல் ஒன்றில் உள்ள டிஎன்ஏ முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்கியிருக்கும் உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. இந்த நீளத்தை அந்த இடத்துக்குள் சிக்கில்லாமல் வைத்திருப்பவை ஹிஸ்டோன் என்னும் சிறு புரதங்கள். ஜெர்மன் அறிவியலாளர் ஆல்பிரெக்ட் கோசல் 1884-இலேயே ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்துவிட்டார் என்றாலும், அது டிஎன்ஏவோடு எப்படி அமர்ந்திருக்கிறது என்பது 1974-இல் ரோஜர் கார்ன்பெர்க் முன்வைத்த மாதிரிக்குப் பிறகே தெளிவானது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு வகை ஹிஸ்டோன்களில் வகைக்கு இரண்டாக எட்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் உருளையாக நிற்க, நூல்கண்டில் நூல் சுற்றுவதைப் போல 147 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள டிஎன்ஏ அதன்மேல் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றியிருக்கும். இந்த அமைப்பின் பெயர் நியூக்ளியோசோம். 1997-இல் கரோலின் லூகரும் அவருடைய சகாக்களும் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் அதன் அணு அளவிலான வடிவத்தை வெளியிட்டார்கள். ஒரு மனித செல்லில் இத்தகைய நியூக்ளியோசோம்கள் சுமார் 3 கோடி இருக்கின்றன.

ஒவ்வொரு ஹிஸ்டோனிலிருந்தும் ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலிலுள்ள லைசின் போன்ற அமினோ அமிலங்களின்மேல் சில நொதிகள் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதிக் குழுக்களை ஒட்டுகின்றன. வேறு சில நொதிகள் அவற்றை அகற்றுகின்றன. இன்னும் சில புரதங்கள் அந்த அடையாளங்களைக் கண்டு வந்து அமர்கின்றன. அசிட்டைல் மிகுந்த பகுதி பொதுவாக இளகித் திறந்து, மரபணுக்கள் வேலைசெய்ய இடம் தரும். எச்3 ஹிஸ்டோனின் 9-ஆவது லைசினில் மூன்று மெத்தில் ஏறிய பகுதி இறுகி மூடிக்கிடக்கும். உடலின் எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏ இருக்கும்போது, கல்லீரல் செல் கல்லீரல் செல்லாகவும் நரம்பு செல் நரம்பு செல்லாகவும் நீடிப்பதற்கு இந்த அடையாளங்கள் பெரிதும் காரணம். ஆகவே செல் பிரியும்போது எழுத்தை மட்டும் இரட்டித்தால் போதாது, இந்த அடையாளங்களும் இரு மகவுச் செல்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இரட்டிப்பின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். மனிதனின் முதலாம் குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள் உள்ளன. இரட்டிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 கார இணைகள் வரைதான் நகரும். ஒரே இடத்தில் தொடங்கி இரு திசைகளிலும் அது ஓடினால், அந்த ஒரு குரோமோசோமை முடிக்கவே நாற்பது நாளுக்கு மேல் ஆகும். உண்மையில் செல் தன் டிஎன்ஏ முழுவதையும் சுமார் 8 மணி நேரத்தில் இரட்டித்துவிடுகிறது. பல்லாயிரக்கணக்கான இடங்களில் வேலை தொடங்குவதால்தான் இது கைகூடுகிறது. அந்தத் தொடக்க இடங்களைத் தேர்ந்து அமரும் ஆறு புரதங்களின் கூட்டணியை 1992-இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மேனும் ஈஸ்ட்டில் கண்டறிந்தார்கள். அதை ஓஆர்சி என்று அழைக்கிறார்கள்.

ஈஸ்ட்டில் ஓஆர்சி குறிப்பிட்ட எழுத்து வரிசை ஒன்றைப் பார்த்து அமரும். மனித ஓஆர்சிக்கு அப்படி ஒரு கட்டாய வரிசை கிடையாது. அது பார்ப்பது குரோமாட்டினின் நிலையை. நியூக்ளியோசோம்கள் விலகி இடம் விட்டிருக்கும் பகுதிகள் அதற்கு ஏற்றவை. அதோடு, எச்4 ஹிஸ்டோனின் 20-ஆவது லைசினில் இரண்டு மெத்தில் ஏறியிருந்தால், ஓஆர்சி1 புரதத்தின் ஒரு பகுதி அதை நேரடியாகப் பற்றிக்கொள்கிறது என்று 2012-இல் தெரியவந்தது. உடல் வளர்ச்சி குன்றி, காது சிறுத்து, முழங்கால் சில்லு இல்லாமல் பிறக்கச் செய்யும் மெய்யர்-கோர்லின் நோயியத்தில் இந்த ஓஆர்சி1 மரபணுவே பல குடும்பங்களில் பழுதுபட்டிருக்கிறது. இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் திறன் சற்றே குறைந்தாலும் உடல் முழுவதற்கும் போதிய செல்கள் உருவாகாமல் போகும் என்பதற்கு இந்த நோயே கண்கூடான சான்று.

தொடங்கும் இடம் சரியாக அமைவதைப் போலவே, ஒரு செல் சுழற்சியில் ஒவ்வோர் இடமும் ஒரே ஒரு முறை தொடங்குவதும் முக்கியம். எச்4-இன் 20-ஆவது லைசினில் முதல் மெத்திலை ஒட்டும் நொதி செட்8. இரட்டிப்பு நடக்கும் கட்டத்தில் செல் இந்த நொதியைத் தேடிப்பிடித்துச் சிதைத்துவிடுகிறது. அவ்வாறு சிதைக்கத் தவறினால், ஏற்கெனவே இரட்டித்த பகுதியிலேயே மறுபடியும் இரட்டிப்பு தொடங்கி, சில மரபணுக்கள் தேவைக்கு மேல் பெருகி, இழைகள் முறியும். வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்று பல படிகளாகப் பெருகிக் கிடப்பது பல புற்றுக் கட்டிகளில் காணப்படும் காட்சி. அத்தகைய பெருக்கம் நேர இதுவும் ஒரு வழி.

நேரக் கணக்கு இதைவிடச் சுவையானது. அந்த 8 மணி நேரத்தில் எல்லாப் பகுதிகளும் ஒன்றாக இரட்டிப்பதில்லை. திறந்த, மரபணு செறிந்த குரோமாட்டின் முதலிலும், இறுகிய குரோமாட்டின் கடைசியிலும் இரட்டிக்கும். பெண்களின் செல்களில் செயலற்று ஒடுங்கிக் கிடக்கும் எக்ஸ் குரோமோசோம், அதே செல்லில் செயல்படும் தன் இணையைவிடத் தாமதமாக இரட்டிப்பதை 1960-களிலேயே கண்டார்கள். தொடக்க இடங்களை முடுக்கிவிடுவது ஒரு கைனேஸ் நொதி ஒட்டும் பாஸ்பேட் குழு. ரிஃப்1 என்னும் குரோமாட்டின் புரதம், பாஸ்பேட்டை அகற்றும் நொதியைத் தன்னோடு அழைத்துவந்து தாமதப் பகுதிகளில் நிறுத்தி, அந்த முடுக்கத்தைத் தடுத்து வைக்கிறது. ரிஃப்1 இல்லாத செல்லில் முன்பின் வரிசை குலைந்துபோகிறது.

இந்த வரிசைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு, கட்டிகளின் டிஎன்ஏவை முழுமையாக வாசிக்கத் தொடங்கிய பிறகே வெளிப்பட்டது. தாமதமாக இரட்டிக்கும் இறுகிய பகுதிகளில் திடீர்மாற்றங்கள் குவிந்தும், முன்னதாக இரட்டிக்கும் திறந்த பகுதிகளில் அருகியும் இருந்தன. தாமதப் பகுதி அடிபடுவதற்கு அதிகம் ஆளாகிறது என்றே முதலில் பலரும் எண்ணினார்கள். பொருந்தா இணைகளைத் திருத்தும் பழுதுநீக்க அமைப்பு செயலிழந்த கட்டிகளில் இந்த வேறுபாடு பெரிதும் மறைந்துவிடுவதை 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் முன்பகுதியில் பழுது நன்றாக நீக்கப்படுவதும், பின்பகுதியில் அந்தத் திருத்தம் குறைவாகக் கிடைப்பதுமே வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் என்றாகிறது. கட்டி ஒன்றில் திடீர்மாற்றங்கள் எங்கெங்கே விழும் என்பதன் வரைபடத்தை, அந்தக் கட்டி பிறந்த திசுவின் குரோமாட்டின் பெரிதும் முன்னரே வரைந்துவிடுகிறது என்பது எனக்கு இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகத் தோன்றுகிறது. எங்கே தொடங்கியது என்று தெரியாத புற்றுநோய்களின் பிறப்பிடத்தை ஊகிக்கவும் இந்த வரைபடத்தைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

இனி, இழை பிரியும் இடமான இரட்டிப்புக் கவைக்கு வருவோம். கவை நகர நகர, எதிரே வரும் ஒவ்வொரு நியூக்ளியோசோமும் கலைக்கப்பட வேண்டும். கவை கடந்த கணமே பின்னால் இரு புதிய டிஎன்ஏக்களின் மேலும் நியூக்ளியோசோம்கள் மீண்டும் எழ வேண்டும். கலைந்த பழைய எச்3, எச்4 ஹிஸ்டோன்கள் வீணாகிப் போவதில்லை. டிஎன்ஏவைப் பிரிக்கும் எந்திரத்தின் உறுப்பான எம்சிஎம்2 புரதம் அவற்றைப் பிடித்துப் பின்னால் தருகிறது. இடைவிடாமல் உருவாகும் முன்னோடும் இழைக்கு அவற்றைச் சேர்ப்பதில், அந்த இழையைக் கட்டும் நொதியான டிஎன்ஏ பாலிமரேஸ் எப்சிலானின் இரு சிறு துணையலகுகள் உதவுகின்றன. இரு பக்கமும் பழையவை பாதிப்பாதியாகப் போய்ச் சேர்வதால், மீதிப் பாதிக்குப் புதிய ஹிஸ்டோன் தேவைப்படுகிறது. அதை ஏஎஸ்எஃப்1 என்னும் புரதம் சுமந்துவர, 1989-இல் கண்டறியப்பட்ட சிஏஎஃப்-1 என்னும் புரதக் கூட்டணி வாங்கி டிஎன்ஏவின்மேல் அமர்த்துகிறது. ஒரு செல் பிரிவுக்குச் சுமார் 3 கோடி நியூக்ளியோசோம் அளவுக்குப் புதிய ஹிஸ்டோன் வேண்டும் என்பதால், இந்த வழங்கல் சற்றே சுணங்கினாலும் கவையின் வேகமே குறைந்துவிடுகிறது.

பின்தங்கும் இழை ஒகசாகித் துண்டுகளாக உருவாகிறது என்பதை மேல்நிலைப் பள்ளியில் படித்திருப்போம். பாக்டீரியாவில் அத்துண்டுகள் ஆயிரம் முதல் இரண்டாயிரம் நியூக்ளியோடைடுகள் நீளம் இருக்கும். ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை அவை இருநூறுக்கும் குறைவே. இந்த நீளம் நியூக்ளியோசோம்கள் ஒன்றுக்கொன்று விட்டிருக்கும் இடைவெளியோடு ஒத்துப்போவதை ஈஸ்ட்டில் 2012-இல் காட்டினார்கள். புதிதாக எழுந்த நியூக்ளியோசோமின்மேல் மோதித்தான் பாலிமரேஸ் நிற்கிறது. துண்டின் முனை அங்கே அமைகிறது. இழை உருவாவதும் புரதம் அமர்வதும் ஒரே ஓட்டத்தில் பின்னிக் கிடப்பதை இதைவிட எளிதாகக் காட்டிவிட முடியாது.

பழைய ஹிஸ்டோன்கள் தம் வால்களில் இருந்த அடையாளங்களோடு வருகின்றன. புதியவற்றில் அவை இருப்பதில்லை. இந்த வெற்றிடம் எப்படி நிரம்புகிறது என்பதற்குப் பிஆர்சி2 என்னும் நொதிக் கூட்டணி நல்ல எடுத்துக்காட்டு. இதன் ஓர் உறுப்பு, எச்3-இன் 27-ஆவது லைசினில் மூன்று மெத்தில் ஏறியிருப்பதைக் கண்டு பற்றிக்கொள்ளும். உடனே ஈசட்எச்2 என்ற மற்றோர் உறுப்பு முடுக்கம் பெற்று, அருகிலுள்ள புதிய ஹிஸ்டோனிலும் அதே அடையாளத்தை ஒட்டும். இந்த அடையாளம் உள்ள மரபணுக்கள் வாய்மூடி இருக்கும். செல் பிரிந்த பிறகும் அவை அப்படியே வாய்மூடி இருப்பதற்கு இந்தப் பார்த்து எழுதும் முறை வேண்டும்.

இதில் ஒரு புள்ளி பழுதானால் என்ன நேரும் என்பதைக் குழந்தைகளின் மூளைத்தண்டில் தோன்றும் ஒரு கொடிய கட்டியில் காண்கிறோம். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வயதுக்குள் வரும் இந்தக் கட்டி, மூச்சையும் விழுங்குதலையும் நடத்தும் நரம்பு இழைகளுக்கிடையே பரவுவதால் அறுவை செய்து அகற்ற இயலாது. கதிர்வீச்சுக்குப் பிறகும் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைக் கடப்பதில்லை. 2012-இல் இரு ஆய்வுக் குழுக்கள் இக்கட்டிகளின் டிஎன்ஏவை வாசித்தபோது, பெரும்பான்மையானவற்றில் எச்3 ஹிஸ்டோன் மரபணுவிலேயே பிழை இருந்தது. 27-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய லைசினுக்குப் பதில் மெத்தியோனின் இருந்தது. ஹிஸ்டோனின் சொந்த மரபணுவில் ஏற்படும் மாற்றம் மனிதப் புற்றுநோயை உண்டாக்கலாம் என்பது அப்போதுதான் முதன்முறையாக நிலைநாட்டப்பட்டது.

எச்3 புரதத்தைத் தரும் மரபணுக்கள் நம்மிடம் பத்துக்கு மேல் உள்ளன. அவற்றுள் ஒன்றின் ஒரே படியில்தான் பிழை. பழுதான ஹிஸ்டோன் செல்லின் மொத்த எச்3-இல் சிறு பங்குதான், நல்லதே பெரும்பங்கு. ஆனாலும் செல் முழுவதிலும் 27-ஆவது லைசினின் மெத்தில் அடையாளம் சரிந்துவிடுகிறது. மெத்தியோனின் கொண்ட வால் ஈசட்எச்2 நொதியின் செயல்மையத்தைத் தடைசெய்து அதன் வேலையை முடக்குவதால், ஒவ்வோர் இரட்டிப்பிலும் புதிய ஹிஸ்டோன்கள் அடையாளம் பெறாமலே அமர்கின்றன. பிரிவுக்குப் பிரிவு பழைய அடையாளம் பாதிப்பாதியாக நீர்த்துப்போகிறது. வளர்ந்து முதிர வேண்டிய மூளையின் முன்னோடிச் செல், முதிர வழியில்லாமல் பிரிந்துகொண்டே இருக்கிறது. இன்று இந்த நோயை உறுதிசெய்ய, திசு மாதிரியில் அந்த மெத்தியோனின் கொண்ட எச்3-ஐ மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு நேரடியாகச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மூளைக்கட்டி வகைப்பாட்டிலும் 2016 முதல் இது தனி நோயாக இடம்பெற்றிருக்கிறது.

எல்லாக் குரோமாட்டின் புரதங்களும் இப்படி நேரே குற்றவாளிகளாக வருவதில்லை. சில புற்றுச் செல்லுக்குத் துணைநின்று அதைத் தாங்குகின்றன. கட்டுப்பாடிழந்து பிரியும் செல்லில் கவைகள் மூலப்பொருள் போதாமல் தடுமாறுகின்றன, மரபணுவைப் படியெடுக்கும் எந்திரங்களோடு மோதுகின்றன, நின்றுபோகின்றன, முறிகின்றன. இந்நிலைக்கு இரட்டிப்பு நெருக்கடி என்று பெயர். டெக் என்னும் குரோமாட்டின் புரதம் முதலில் ஓர் அரிய வகை கடும் எலும்புமஜ்ஜை ரத்தப் புற்றுநோயில் அறியப்பட்டது. அங்கே 6-ஆவது, 9-ஆவது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதில் டெக் மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பல திடக் கட்டிகளில் அது ஒட்டாமலே அளவு மிகுந்து காணப்படுகிறது. அதைக் குறைத்துவிட்ட செல்களில் நெருக்கடியின்போது கவைகள் மேலும் தளர்ந்து, சேதம் அடுத்த செல் பிரிவுக்குள்ளும் நீண்டுசெல்வதை ஆய்வுகள் காட்டின. ஆக, டெக் மிகுந்திருப்பது நெருக்கடியைச் சமாளிக்க அந்தச் செல்லுக்குக் கிடைத்த ஊன்றுகோல். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸின் ஈ7 புரதம், செல் பிரிவை அடக்கிவைக்கும் ஆர்பி புரதத்தின் தடுப்பை முறித்து, டெக் உற்பத்தியையும் கூட்டிவிடுகிறது.

மருந்துகளைப் பொறுத்தவரை, டிஎன்ஏ எழுத்தை மாற்றுவது கடினம். ஒட்டவும் அகற்றவும் கூடிய அடையாளங்களை மாற்றுவது அதைவிட எளிது. இந்த எண்ணமே இத்துறையில் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. அசிட்டைலை அகற்றும் நொதிகளைத் தடுக்கும் வோரினோஸ்டாட், தோலைப் பாதிக்கும் ஒருவகை டி செல் லிம்போமாவுக்கு (வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய்) 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. திடக் கட்டிகளில் அதே வகை மருந்துகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உடலெங்கும் எண்ணற்ற இடங்களில் வேலைசெய்யும் நொதியை மொத்தமாக முடக்கினால் தட்டணுக்கள் குறைவது, சோர்வு போன்ற விளைவுகள் வருவதில் வியப்பில்லை.

ஈசட்எச்2-ஐத் தடுக்கும் டாஸெமெடோஸ்டாட் இன்னும் குறிபார்த்து எய்யப்பட்ட மருந்து. நியூக்ளியோசோம்களை நகர்த்தி டிஎன்ஏவைத் திறந்துவிடும் எஸ்டபிள்யூஐ-எஸ்என்எஃப் என்ற கூட்டணியும், மூடிவைக்கும் பிஆர்சி2-உம் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பவை. முதற்கூட்டணியின் ஐஎன்ஐ1 என்னும் உறுப்பு சிறு குழந்தைகளைத் தாக்கும் ராப்டாய்ட் கட்டிகளில் அழிந்துபோயிருப்பது 1998-இல் தெரிந்தது. ஐஎன்ஐ1 இல்லாதபோது பிஆர்சி2-இன் கை ஓங்கிவிடுவதால், ஈசட்எச்2-ஐத் தடுத்தால் சமநிலை திரும்பலாம் என்பது கணக்கு. அதே ஐஎன்ஐ1 இழப்புள்ள எபிதீலியாய்டு சார்கோமா என்னும் மென்திசுப் புற்றுநோய்க்கு 2020 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இம்மருந்தை அனுமதித்தது. ஈசட்எச்2-ஐ மிகைச் செயல்பாட்டுக்குத் தள்ளும் திடீர்மாற்றம் கொண்ட ஃபாலிகுலர் லிம்போமாவுக்கும் அதே ஆண்டில் அனுமதி வந்தது.

லிம்போமாவில் ஈசட்எச்2 மிகுவது தீங்கு. மூளைத்தண்டுக் கட்டியிலும் டி செல் ரத்தப் புற்றுநோய் சிலவற்றிலும் அதன் செயல் குறைவதே தீங்கு. ஒரே புரதம் எந்தச் செல்லில், எந்த அளவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. டாஸெமெடோஸ்டாட் மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பில், அதை எடுத்துக்கொள்பவருக்குப் புதிதாக டி செல் லிம்போமாவும் எலும்புமஜ்ஜைப் புற்றுநோயும் வரக்கூடிய அபாயம் கூடுதலாக உண்டு என்று எழுதப்பட்டிருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். அதனால்தான் இம்மருந்தைத் தந்த மருத்துவர்கள், பழைய கட்டி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே, நோயாளிக்கு வேறொரு புற்றுநோய் புதிதாகத் தலைகாட்டுகிறதா என்றும் நீண்ட காலம் கண்காணித்து வந்தார்கள்.